பல் மருத்துவ உதவியாளர் பணியும் கிராமத்துப் பிள்ளைகளும்

(ஊராட்சிப் பணியில் ஈடுபட்டோருக்கும் விவசாயிகளுக்கும் நடத்தப்பெற்ற ஒன்றியப் பயிற்சி முகாமில், அரசு மருத்துவமனைப் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை.)



காலை முதல் விதை, உரம், குடிநீர், சாலை என்று பல பொருள்களைக் கேட்டுக் களைத்திருக்கும் உங்கள் முன் பல் மருத்துவன் ஒருவன் வந்து நிற்கிறான். வேப்பங்குச்சி நல்லதா, பற்பசை நல்லதா என்று உபதேசம் செய்யப் போகிறான் என எண்ணிப் பின்வரிசையில் இரண்டொருவர் துண்டை உதறுவதையும் காண்கிறேன். அஞ்ச வேண்டாம். நான் பேச வந்தது பல்லைப் பற்றி அன்று. நம் பிள்ளைகளின் பிழைப்பைப் பற்றி.

ஒவ்வோர் ஆண்டும் பள்ளித் தேர்வு முடிவுகள் வெளியான மறுவாரம், என் மருத்துவமனைக்கு வலியே இல்லாத சிலர் வருவார்கள். தகப்பனாரும் மகளுமாக வருவார்கள். "ஐயா, பிள்ளை பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். பல் மருத்துவமனையில் உதவியாளர் வேலைக்குப் படிக்கலாம் என்கிறார்கள். அது நல்ல வேலைதானா? எங்கே சேர்ப்பது?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுச் சேர்ப்பவர்கள் புத்திசாலிகள். சேர்த்துவிட்டு வந்து கேட்பவர்களும் உண்டு.

அப்படி வந்த ஒருவரை நான் மறக்க முடியவில்லை. மானாவாரி நிலம் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர். கறவை மாட்டை விற்று, நகரத்தில் மாடியறை ஒன்றில் பலகை மாட்டி நடந்த பயிற்சி நிலையத்தில் மகளைச் சேர்த்திருந்தார். ஆறு மாதம் முடிந்தது. வழவழப்பான காகிதத்தில், பொன்னிற முத்திரையுடன் ஒரு சான்றிதழ் கையில் இருந்தது. அதில் 'பல் மருத்துவ உதவியாளர், பல் சுகாதார வல்லுநர்' என இரண்டு பட்டங்கள் ஒருங்கே அச்சிடப்பட்டிருந்தன. அப்பெண்ணிடம், "பயன்படுத்திய ஊசியை எங்கே போடுவாய், அம்மா?" என்று கேட்டேன். "குப்பைக் கூடையில், ஐயா" என்றாள். ஆறு மாதத்தில் அவள் ஒரு நாளேனும் நோயாளியின் அருகே நின்றதில்லை. ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கொப்பரையைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தாள். குற்றம் அவளுடையது அன்று. பின்னர் தாலுகா நகரத்தில் ஒரு மருத்துவரிடம் சொற்பச் சம்பளத்தில் சேர்ந்து, ஓராண்டில் வேலையை முறையாகக் கற்றுக்கொண்டாள். இன்று நன்றாக இருக்கிறாள். ஆனால் மாடு திரும்பி வரவில்லை.

இன்னொரு மாடு அவ்வாறு போகாமலிருக்க வேண்டும் என்பதற்காகவே இப்பொருளை இம்முகாமில் பேச இசைந்தேன்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். பல் மருத்துவருக்குத் துணை நிற்போர் மூவகையினர். பல் செட்டு, செயற்கைப் பல், கம்பி முதலியவற்றைப் பட்டறையில் செய்து தருபவர் ஒருவர். இவரை டெண்டல் மெக்கானிக் என்பார்கள். பற்களில் படிந்த காரையைச் சுரண்டித் துப்புரவு செய்து, வாய்ச் சுகாதாரத்தைப் பற்றி எடுத்துரைப்பவர் மற்றொருவர். இவர் டெண்டல் ஹைஜீனிஸ்ட். இவ்விருவரையும் 1948 ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டமே பெயர் சொல்லிப் பிரித்து வைத்தது. இவர்களுக்குரிய டிப்ளமாப் படிப்பு இரண்டாண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருத்தல் வேண்டும். படித்த பின் மாநிலப் பல் மருத்துவ மன்றத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளவும் வேண்டும். மூன்றாமவர்தாம் நாற்காலியருகே நிற்கும் உதவியாளர். கருவிகளை எடுத்துக் கொடுப்பதும், கிருமி நீக்குவதும், மருந்து குழைப்பதும், நோயாளியை அமர்த்தி அனுப்புவதும் இவர் பணி. இவருக்குரிய பயிற்சி சில மாதங்களிலிருந்து ஓராண்டு வரை நடைபெறுகிறது. உண்மையைச் சொல்வதானால், இன்று பணியிலிருப்போரிற் பெரும்பாலோர் எந்தப் பள்ளியிலும் படிக்காமல் மருத்துவரிடமே கற்றுக்கொண்டவர்கள்.

ஆகவே, ஆறு மாதத்தில் ஹைஜீனிஸ்ட் ஆக்கிவிடுகிறேன் என்று ஒரு நிலையம் விளம்பரம் செய்தால், அந்த ஒரு வரியைக் கொண்டே அதை எடை போட்டுவிடலாம். பல் மருத்துவக் கல்வியை ஒழுங்குபடுத்தப் பாராளுமன்றம் 2023 ஆம் ஆண்டில் புதிய ஆணையச் சட்டமொன்றை நிறைவேற்றியது. சட்டங்கள் மாறிவரும் இத்தகைய காலத்தில்தான் போலி நிலையங்களுக்குக் கொண்டாட்டம். 'புதிய சட்டப்படி' என்ற சொற்களைப் பலகையில் எழுதிவிட்டால் யார் போய்ச் சட்டத்தைப் புரட்டப் போகிறார்கள் என்பது அவர்கள் கணக்கு.

உதவியாளர் செய்யும் வேலை எத்தகையது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். வெளியிலிருந்து பார்ப்போர், 'டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கும் பெண்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். வேலை அவ்வளவு எளிதன்று.

நாற்காலியில் சாய்ந்திருக்கும் நோயாளியின் முகத்தை ஒரு கடிகாரமாக எண்ணிக்கொள்ளுங்கள். தலையுச்சி பன்னிரண்டு மணி. வலக்கைப் பழக்கமுள்ள மருத்துவர் ஒன்பது மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையே அமர்கிறார். உதவியாளர் எதிர்ப்புறத்தில், இரண்டுக்கும் நான்குக்கும் இடையே அமர்கிறார். கருவிகள் கைமாறுவது நோயாளியின் கண்ணுக்கு மேலாக அன்று. மோவாய்க்குக் கீழே, நெஞ்சுக்கு மேலே. மருத்துவர் கண்ணைப் பல்லிலிருந்து எடுக்காமலே கையை நீட்டுவார். அடுத்து வேண்டிய கருவி அக்கையில் வந்து அமர வேண்டும். அதே வேளையில் மற்றொரு கை எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்திருக்கும். நான்கு கைகளும் ஒருவருடையவை போல் இயங்கினால் அரைமணி வேலை இருபது நிமிடத்தில் முடியும். நோயாளியின் வாயும் அவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டியதில்லை. நாற்று நடும் பெண்கள் வரிசை பிசகாமல், பேசாமலே ஒருவர்க்கொருவர் இசைந்து நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பழக்கம்தான் இங்கும் வேண்டியது.

பல் செட்டுக்கு அளவெடுக்கும் போது ஒரு மாவைக் குழைத்து வாயில் வைக்கிறோம். ஆல்ஜினேட் என்பது அதன் பெயர். அது கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் பொருள். நம் இராமநாதபுரம் கரையோரத்துப் பெண்கள் கடலில் இறங்கிச் சேகரிக்கும் பாசி வகைகளிலிருந்தும் அது கிடைக்கிறது. இம்மாவை ஒரு நிமிடத்துக்குள் கட்டியில்லாமல் குழைத்தாக வேண்டும். வெதுவெதுப்பான நீரை ஊற்றினால் கிண்ணத்திலேயே இறுகிவிடும். ஆதலால் சித்திரை, வைகாசியில் குளிர்ந்த நீர் வேண்டும். எடுத்த அச்சை மேசையில் போட்டுவிட்டுத் தேநீர் அருந்தப் போனால், அது உலர்ந்து சுருங்கிவிடும். சுருங்கிய அச்சில் செய்த பல் செட்டு வாயில் பொருந்தாது. கிழவர் மூன்று முறை நடந்து வந்து, நான்காம் முறை அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு பொக்கை வாயோடு திரிவார். இதற்கு மருத்துவரைக் குறை கூறுகிறோம். பல வேளைகளில் தவறு அந்த ஐந்து நிமிடத்தில் நேர்ந்தது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய பொறுப்பு ஒன்று உண்டு. அது கிருமி நீக்கம்.

2023 ஆம் ஆண்டில் திருப்பத்தூர் மாவட்டத்தில் நிகழ்ந்ததைச் செய்தித்தாள்களில் சிலர் படித்திருக்கலாம். பல் சிகிச்சைக்குச் சென்று வந்தவர்களில் எட்டுப் பேர் மூளையைத் தாக்கும் கடும் நோய்க்கு இரையானார்கள். மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு கிருமியால் வந்த நோய் அது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியையும் மத்திய, மாநில சுகாதார நிறுவனங்களையும் சேர்ந்தவர்கள் ஆராய்ந்து, தம் முடிவை 2025 இல் வெளியிட்டார்கள். புண்ணைக் கழுவும் உப்புநீர்ப் புட்டியைக் கிருமி நீக்காத ஒரு கருவியால் திறந்து, பஞ்சால் தளர்வாக மூடி வைத்து, மீண்டும் மீண்டும் பயன்படுத்தியதே தொற்றுக்கு வழிசெய்ததாக அதில் கூறினார்கள். புட்டியைத் திறப்பதும் மூடுவதும் எவ்வளவு சிறிய காரியம்! பல் மருத்துவமனைகளில் இத்தகைய சிறு காரியங்கள் உதவியாளரின் கையில்தான் இருக்கின்றன. கற்றுக்கொடுத்தால் அவர் சரியாகச் செய்வார். கற்றுக்கொடுக்காதவரின் பிழைக்கு அவரைப் பொறுப்பாளியாக்குவது நியாயமாகாது.

கருவிகளை முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும். இரத்தம் உலர்ந்து ஒட்டியிருந்தால் நீராவி உள்ளே புகாது. பின்னர் பொதிந்து, ஆட்டோகிளேவில் வைத்து, சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில், 121 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் வைக்க வேண்டும். வெந்நீரில் கொதிக்க வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. சில கிருமிகளின் வித்துக்கள் கொதிநீரில் சாவதில்லை; கடினத் தோலுடைய விதை வறட்சியைத் தாங்குவது போல அவை வெப்பத்தைத் தாங்கும். காலையில் கதவைத் திறந்ததும் நாற்காலியின் நீர்க்குழாய்களை இரண்டு நிமிடம் திறந்துவிட்டு, இரவெல்லாம் தேங்கிய நீரை வெளியேற்ற வேண்டும். கழிவுகளுக்கு 2016 ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் நிறம் வகுத்திருக்கின்றன. பிடுங்கிய பல்லும் இரத்தம் தோய்ந்த பஞ்சும் மஞ்சள் பையில். கையுறையும் குழாய்களும் சிவப்பில். ஊசியும் கத்தியும் துளைபடாத வெள்ளைப் பெட்டியில். கண்ணாடிப் புட்டி நீலத்தில். மாட்டை விற்ற அந்தத் தகப்பனாரின் மகளுக்கு யாரும் சொல்லித் தராதது இதுதான்.

உதவியாளர் தம்மையும் காத்துக்கொள்ள வேண்டும். மஞ்சட்காமாலையின் ஒரு வகையான ஹெபடைடிஸ் 'பி' இரத்தத்தின் வழியாகப் பரவும். அதற்குத் தடுப்பூசி உண்டு; முதல் ஊசி போட்டு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. இதைப் போட்டுக்கொள்ளாமல் எந்தப் பெற்றோரும் தம் பிள்ளையை இவ்வேலைக்கு அனுப்பலாகாது. வேலைக்கு எடுக்கும் மருத்துவரிடம், "தடுப்பூசிச் செலவை ஏற்கிறீர்களா?" என்று கூசாமல் கேளுங்கள். எக்ஸ்ரே எடுக்கும்போது நோயாளியின் வாயில் உள்ள படத்தகட்டைத் தம் விரலால் பிடித்துக்கொண்டு நிற்கவே கூடாது.

இதைச் சொல்லும்போது ஒருவர் நினைவுக்கு வருகிறார். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்று ஒரு பல் மருத்துவர் இருந்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட மறு ஆண்டே, 1896 இல், அதைப் பற்களுக்குப் பயன்படுத்தத் தொடங்கியவர்; கதிர் சரியாக வருகிறதா என்று தம் கையையே வைத்துப் பார்த்து வந்தவர். அதன் பயனாக முதலில் விரல்களையும், பிறகு ஒரு கையையும் இழந்தார். அவரேதான் 1885 இல் ஒரு பெண்ணைத் தம் உதவியாளராக அமர்த்தியவரும் ஆவார். அக்காலத்தில் அந்நாட்டிலும் பெண்கள் துணையின்றிப் பல் மருத்துவரிடம் செல்லத் தயங்கினார்கள். உள்ளே பெண் உதவியாளர் இருக்கிறார் என்ற அறிவிப்பு சன்னலில் தொங்கியதும் அவர்கள் வரத் தொடங்கினார்கள். நம் கிராமத்துத் தாய்மார்கள் பல்வலியை ஆறு மாதம் பொறுத்துக்கொண்டு, கன்னம் வீங்கிய பின்பே வருவதற்குப் பணமின்மை மட்டும் காரணமன்று என்பதை நான் நன்கு அறிவேன். நம் பேச்சு வழக்கில் பேசும் ஒரு பெண் வாசலில் நின்று, "வாங்க அக்கா, ஒண்ணும் பயமில்லை" என்று சொல்வது பாதி மருந்துக்குச் சமம். இப்பணிக்குக் கிராமத்துப் பிள்ளைகள் தகுதி குறைந்தவர்கள் என்று எண்ணுவோருக்கு இதையே விடையாகச் சொல்லுவேன்.

இனிச் சம்பளம். இங்கே நான் இனிப்பாகப் பேசப் போவதில்லை. தனி மருத்துவர் நடத்தும் சிறு மருத்துவமனைகளில் தொடக்கச் சம்பளம் குறைவு. நகரத்தில் விடுதி வாடகையும் உணவும் கழித்துப் பார்த்தால், முதல் ஆண்டில் வீட்டுக்கு அனுப்ப அதிகம் மிஞ்சாது. வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய தூரத்தில் வேலை கிடைத்தால் மட்டுமே அந்த ஆண்டு தாங்கும். பத்துப் பேருக்கும் குறைவாகப் பணிபுரியும் இடங்களில் தொழிலாளர் காப்பீடாகிய ஈ.எஸ்.ஐ. பொதுவாகக் கிடையாது, பெரும்பாலான பல் மருத்துவமனைகளில் மூன்று நான்கு பேரே வேலை செய்கிறார்கள். மாலை நேரத்தில்தான் நோயாளிகள் மிகுதி. இரவு எட்டு, ஒன்பது மணிக்கு வேலை முடியும். கடைசிப் பேருந்து எப்போது என்பதைச் சம்பளத்துக்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் இந்த வேலையை ஏன் சிபாரிசு செய்கிறாய் என்று கேட்பீர்கள். வேலை கற்றவருக்கு இதில் இடமுண்டு என்பதால்தான். சிறு நகரங்களில்கூட இப்போது பல் மருத்துவமனைகள் வந்துவிட்டன. நல்ல உதவியாளர் கிடைக்கவில்லை என்பதே மருத்துவர்கள் கூடுமிடத்தில் நான் அடிக்கடி கேட்கும் புலம்பல். மூன்று நான்கு ஆண்டுகள் தேர்ந்தவர், கம்பி கட்டுதல், எலும்பில் பல் பதித்தல் போன்ற சிறப்புச் சிகிச்சை நடக்கும் இடங்களுக்குச் செல்லலாம். மருந்து இருப்பு, கணக்கு, நோயாளிகளுக்கு நேரம் குறித்தல் ஆகியவற்றைக் கற்றுக்கொண்டால் மருத்துவமனை முழுவதையும் நிர்வகிக்கும் நிலைக்கு உயரலாம். பல் மருத்துவக் கருவிகள் விற்கும் நிறுவனங்களிலும் இத்தகையோரைத் தேடுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்தவராயின், ஓராண்டு இவ்வேலையைப் பார்த்துவிட்டு, இது தமக்கு ஒத்துவரும் என்று கண்டபின், இரண்டாண்டு டிப்ளமாவுக்குச் செல்வதே என் கருத்தில் சிறந்த வழி. சிலருக்கு இரத்தத்தைக் கண்டால் தலைசுற்றும். அதைப் பணம் கட்டிய பின் அறிவதைவிட முன்பே அறிவது நலம். ஆண் பிள்ளைகளுக்கும் இவ்வேலை பொருந்தும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்; என்னிடம் பணிபுரிந்தவர்களில் மிகத் திறமையானவர் ஓர் இளைஞரே.

அரசுப் பணி நிச்சயம் என்று எவரேனும் வாக்களித்தால் அவரை நம்ப வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் இத்தகைய இடங்கள் சிலவே. நிரந்தரப் பணியிடங்கள் 2012 இல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் விளம்பரம் வழியாகவும், ஒப்பந்தப் பணியிடங்கள் மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் அறிவிப்பு வழியாகவும் வருகின்றன. தரகர் வழியாக எதுவும் வருவதில்லை. வெளிநாட்டு வேலை என்று கூறுவோரிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். இங்கிலாந்தில் 2008 முதல் பல் மருத்துவச் செவிலியராகப் பணிபுரிய அந்நாட்டு மன்றத்தில் பதிவு செய்தாக வேண்டும். நம் ஊர் மாடியறைச் சான்றிதழை அங்கே எவரும் ஏறிட்டுப் பார்க்கமாட்டார்கள். முகவர் உரிமம் பெற்றவர்தானா என்பதைச் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் கேட்டறியலாம்.

மற்றொரு தீமையையும் இங்கே சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகள் உதவியாளராக இருந்தவர், கருவிகள் நான்கை வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பி, பல் பிடுங்கத் தொடங்கிவிடுவதுண்டு. குறைந்த கட்டணம் என்று மக்களும் போகிறார்கள். நியூசிலாந்தில் 1921 இலேயே பெண்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி அளிக்கத் தொடங்கி, பள்ளிக் குழந்தைகளின் பற்களுக்குச் சிகிச்சை செய்ய அரசே அனுப்பியது. அது அந்நாட்டு அரசு வகுத்த முறை. நம் நாட்டில் உதவியாளருக்கு அவ்வுரிமை இல்லை. பதிவு பெறாதவர் பல் பிடுங்குவது குற்றம். இரத்தம் நிற்காத சர்க்கரை நோயாளி ஒருவரை நள்ளிரவில் டிராக்டரில் கொண்டுவந்து என் வாசலில் இறக்கியபோது, அதன் பொருளை அந்த ஊர்ப் பெரியவர்கள் உணர்ந்தார்கள்.

ஊராட்சி இதில் என்ன செய்ய இயலும்? பயிற்சி நிலையங்களை நடத்தும் வேலை ஊராட்சியுடையது அன்று. ஆனால் பணம் கட்டுமுன் விசாரிக்கும் வேலையை ஊராட்சி எடுத்துக்கொள்ளலாம். ஏழைத் தகப்பன் தனியாகப் போய்க் கேட்டால் கதவருகிலேயே பதில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஊராட்சியின் பெயரில் கடிதம் போனால் அமர வைத்துப் பேசுவார்கள். கேட்க வேண்டியவை அதிகமில்லை. எந்த மருத்துவமனையில், வாரத்தில் எத்தனை நாள், நோயாளியின் அருகே பயிற்சி தருகிறீர்கள்? கற்பிப்பவர் பதிவு பெற்ற பல் மருத்துவரா? சென்ற ஆண்டு பயின்றவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள், அவர்களில் இருவரிடம் நாங்கள் பேசலாமா? பாதியில் நின்றால் எவ்வளவு பணம் திரும்பும்? மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வீர்களா? கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்று விடை வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஹைஜீனிஸ்ட், மெக்கானிக் படிப்பென்று சொன்னால், அதற்கு அங்கீகாரம் உண்டா என்று மாநிலப் பல் மருத்துவ மன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சென்னையில் 1953 இல் பல் மருத்துவப் பிரிவாகத் தொடங்கிய அரசுக் கல்லூரி முதல், 2023 இல் புதுக்கோட்டையில் திறக்கப்பட்ட கல்லூரி வரை அரசுக் கல்லூரிகளும் நமக்கு இருக்கின்றன; அங்கே இவ்வாண்டு எந்தப் படிப்புக்கு விண்ணப்பம் வாங்குகிறார்கள் என்பதையும் நேரிற் கேட்பது நல்லது. கிராமப்புற இளைஞர்களுக்கு இலவசமாகத் திறன் பயிற்சி அளிக்கும் அரசுத் திட்டங்களைப் பற்றி, ஊரக வாழ்வாதார இயக்கத்தின் வட்டார அலுவலகத்தில் விசாரிக்கலாம். எந்தத் தொழிலுக்கு இடமுண்டு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகையால் ஒரு முறை கேட்டு இல்லையென்றால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

தேர்வு முடிவுகள் மே மாதத்தில் வருகின்றன; மே 1 கிராம சபை நாள். துண்டுப் பிரசுரங்களோடு முகவர்கள் ஊருக்குள் நுழைவதும் அந்த நாள்களில்தான். அன்றைய கூட்டத்தில் கால்மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். ஏற்கெனவே பயிற்சி முடித்த பிள்ளை யாரேனும் உங்கள் ஊரில் இருந்தால், அவரையே பேசச் சொல்லுங்கள். என்னைவிட அவர் நன்றாகச் சொல்லுவார்.

முகாம் அலுவலர் மணியைக் காட்டுகிறார். உங்களில் சிலர் சான்றிதழ்களையும் விளம்பரத் தாள்களையும் கையோடு கொண்டு வந்திருப்பதாக அறிகிறேன். பின்பக்கத்துச் சிறிய அறையில் ஐந்து மணி வரை இருப்பேன். பணம் கட்டாதவர்கள் முதலில் வாருங்கள். கட்டிவிட்டவர்கள் இரசீதையும் எடுத்து வாருங்கள்.